வால்ரஸ் படம் எடுக்கப் போகிறேன், எதைப் பார்த்து எடுக்கணும்?

முட்டம் பாறை:
மக்களே, ஒரு உதவி. அத்தான் நார்வேயில் வேலை பார்ப்பதால் வருகிற ஜூலையில் வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போக வழி கிடைத்திருக்கிறது. போகிறவர்கள் எல்லாரும் பனிக்கரடியைத் தேடித்தான் அலைகிறார்கள், எனக்கு நீளத் தந்தமும் மீசையும் உள்ள கடல் விலங்கான வால்ரஸ் போதும். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்து, பக்கத்தில் படுத்திருப்பவன் தந்தத்தால் குத்தினாலும் ஒரு உறுமலோடு நகர்ந்து மறுபடியும் தூங்கிவிடுகிற அந்த ஜீவன்மேல் சின்ன வயதிலிருந்தே தனிப் பிரியம். ஆனால் நெட்டில் பார்க்கிற படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி: முன்னால் ரெண்டு தந்தம், பின்னால் மங்கலாக ஒரு கூட்டம். மணக்குடிக் காயலில் பறவை எடுத்த பழக்கம் உண்டு, கையில் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற 100-400 லென்ஸ் இருக்கிறது. எதைக் கவனித்து எடுத்தால் அது வாழ்கிற விதம் படத்தில் வரும்?

தேங்காப்பட்டணம் மாலுமி:
தம்பி, நான் அந்தப் பக்கம் ஓடும் சுற்றுலாக் கப்பலில் வேலை பார்த்தவன். ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியனிலிருந்து படகில் போனால் பிரின்ஸ் கார்ல்ஸ் ஃபோர்லாண்ட் தீவில் பூலேபின்டன் என்று ஒரு முனை, கோடையில் அங்கே கூட்டமாகக் கிடக்கும். பெரும்பாலும் ஆண்கள்தான், குட்டியோடு தாயைப் பார்க்கணும் என்றால் வடகிழக்குப் பக்கம் போகணும். கண் பார்வை சுமார்தான், மூக்கு கூர்மை, அதனால் காற்று அங்கிருந்து நம் பக்கம் வீசுகிற திசையிலிருந்துதான் நெருங்குவார்கள். நாற்றம் முதலில் வரும், அப்புறம்தான் ஆளே தெரியும்.

நிறத்தைப் பார். அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறியவன் வெளிறி, கிட்டத்தட்ட சாம்பல் நிறத்தில் இருப்பான், ஏனென்றால் குளிர்ந்த நீரில் தோலுக்கு ஓடுகிற ரத்தத்தை உடம்பு குறைத்துவிடுகிறது. கரையில் காய்ந்துகொண்டு கிடக்கக் கிடக்க ரத்தம் திரும்பி வந்து தோல் சிவக்கும். சிவந்தவர்களுக்கு நடுவே ஈரம் சொட்டச் சொட்ட வெளிறின ஒருவன் இடம் பிடிக்கிற நேரம் ஒன்று வரும் பார், அதை மட்டும் விட்டுவிடாதே. ரப்பர் படகில் உட்கார்ந்தபடியே எடு, அதன் கண்மட்டத்துக்கு வந்துவிடுவாய்.

நாகர்கோவில் கடல்பாடம்:
நான் விலங்கியல் பாடம் நடத்துகிறவள். தம்பி, என்னைக் கேட்டால் மீசையை எடு. 400 முதல் 700 வரை முடி, ஒவ்வொன்றும் தொட்டு உணரக்கூடியது. நம்ம கடியப்பட்டணம் பக்கம் பாறையில் சிப்பி எடுக்க முங்குகிறவர்கள் இரும்பால் பெயர்த்து எடுக்கிற மாதிரி இதுவும் தந்தத்தால் கிண்டும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். அப்படி இல்லை. கடலடியில் முகத்தைப் பதித்து, மீசையால் துழாவி, வாயால் தண்ணீரைப் பீய்ச்சியோ துடுப்புக் காலால் விசிறியோ சேற்றை விலக்கும், சிப்பி கிடைத்ததும் உதட்டில் கவ்வி நாக்கை உள்ளிழுத்துச் சதையை உறிஞ்சிவிட்டு ஓட்டை அங்கேயே போட்டுவிடும். கிரீன்லாந்தில் செய்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில், விசிறுவதற்கு அதிகமும் வலது துடுப்பைத்தான் பயன்படுத்துகிறது என்று பார்த்திருக்கிறார்கள். இப்படி மண்ணில் தேய்த்துத் தேய்த்தே காட்டு வால்ரஸின் மீசை குட்டையாக இருக்கும், அடைத்து வளர்ப்பதற்கு நீளமாக வளர்ந்துவிடும். தேய்ந்த மீசையும் அதில் நிற்கிற தண்ணீர்த் துளியும் பளிச்சென்று விழுந்தால் அது சாப்பிடுகிற விதம் முழுக்க அந்தப் படத்தில் இருக்கும்.

தொண்டையில் காற்றுப் பை உண்டு. அதை ஊதி வைத்துக்கொண்டு தண்ணீரில் நின்றபடியே தூங்கும், கிடைத்தால் அதையும் எடு.

தக்கலை லென்ஸ்:
அக்கா சொல்வது சரி, ஆனாலும் தந்தத்தை ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆண், பெண் ரெண்டுக்கும் உண்டு, பனிக்கட்டியில் ஊன்றி ஏறுவது, யார் பெரியவன் என்று காட்டுவது எல்லாம் அதை வைத்துத்தான். ஒன்று முறிந்தவன், வளைந்தவன், நுனி தேய்ந்தவன் என்று ஒவ்வொருவனையும் அடையாளம் சொல்வதே தந்தம்தானே.

கேமரா விஷயம்: பின்னால் முழுக்கப் பனியாக இருந்தால் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கும், வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூட்டி வை. கூட்டமே பிரேமை அடைத்திருந்தால் நேர்மாறாகக் கொஞ்சம் குறைக்கணும். படகு ஆடும், ஷட்டர் வேகம் 1/1000 விநாடிக்குக் கீழே போகாதே. உதிரி பேட்டரியைச் சட்டைக்குள்ளே வைத்துக்கொள். நம்ம ஊர் உப்புக்காற்றில் லென்ஸில் பூசணம் பிடிப்பது உனக்கே தெரியும், அங்கே வேறு தொல்லை: குளிரிலிருந்து அப்படியே கேபினுக்குள் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும். வெளியிலேயே பையில் போட்டு இறுக்கிக் கட்டி, உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்துத் திற.

தேங்காப்பட்டணம் மாலுமி:
இன்னொன்று. ஒருவன் தலை தூக்கினால் பரவாயில்லை, நாலைந்து தலை சேர்ந்தாற்போலத் தூக்கி நம்மையே பார்த்தால் படகைப் பின்னால் எடுக்கச் சொல்லு. மிரண்டு மொத்தமாகக் கடலுக்கு ஓடும்போது குட்டிகள் நசுங்கிச் சாகும். அலாஸ்காவில் பாயின்ட் லே பக்கம் 2014இல் சுமார் 35,000 வால்ரஸ் கரையேறின, கோடையில் பனி ஆழ்கடல் பக்கம் ஒதுங்கிப்போவதால் படுக்க வேறு இடம் இல்லை. அத்தனை நெருக்கத்தில் ஒரு மிரட்சி போதும். ஃப்ரேயா கதை தெரியும்தானே, ஆஸ்லோ பக்கம் படகுகளில் ஏறிப் படுத்திருந்த இளம் பெண் வால்ரஸ். விலகி நில்லுங்கள் என்று எவ்வளவு சொல்லியும் செல்போனோடு ஜனம் பக்கத்திலேயே போனது, கடைசியில் ஆளுக்கு ஆபத்து என்று 2022 ஆகஸ்டில் கொன்றுவிட்டார்கள். இன்னும் ஆறவில்லை எனக்கு. அதே வருஷக் கடைசியில் இங்கிலாந்தில் ஸ்கார்பரோ துறைமுகத்தில் தோர் என்ற வால்ரஸ் வந்து படுத்தபோது, அது மிரளக் கூடாது என்று புத்தாண்டு வாணவேடிக்கையையே நிறுத்தினார்கள்.

முட்டம் பாறை:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. தூரத்திலேயே நிற்கிறேன். அப்படியானால் லென்ஸின் எட்டத்தை 1.4 மடங்கு கூட்டுகிற டெலிகன்வர்ட்டர் வாங்கலாமா?

தக்கலை லென்ஸ்:
வாடகைக்கு எடுத்து முதலில் முட்டத்திலேயே போட்டுப் பார். லென்ஸ் திறப்பு f/5.6 என்பது f/8 ஆகி உள்ளே வருகிற வெளிச்சம் பாதியாகிவிடும், ஆனால் ஜூலையில் அங்கே சூரியன் மறையாது என்பதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, மூடுபனி வந்தால் மட்டும் கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றணும்.