தண்ணீரில் தேடாதீர்கள், சேற்றில் தேடுங்கள்: எண்ணூர், அடையாறு மாதிரி எடுக்கும் அனுபவங்கள்

சேறு அள்ளுபவர்:
டிடிடி (பூச்சிக்கொல்லி), பிசிபி (மின்மாற்றி எண்ணெயில் பயன்பட்ட வேதிப்பொருள்) போன்ற நச்சுகளைத் தேடுகிறவர்கள் பலரும் முதலில் தண்ணீர்க் கேனைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இவை தண்ணீரில் அநேகமாகக் கரையாது. சேற்றிலும் உயிர்களின் கொழுப்பிலும்தான் போய் ஒட்டும். மேல் 5 செ.மீ. சேறு போதும். கிராப் (அடியிலுள்ள சேற்றைக் கவ்வி அள்ளும் கருவி) மேலே வந்ததும் அதன் வாயைப் பாருங்கள். சிப்பி ஓடோ பிளாஸ்டிக் பையோ இடுக்கில் மாட்டியிருந்தால், நமக்கு வேண்டிய மெல்லிய மேல்படலம் வழியிலேயே வடிந்திருக்கும். கொட்டிவிட்டு மறுபடி போடுங்கள். ஓரத்தை விட்டு, நடுவிலிருந்து ஸ்டீல் கரண்டியால் எடுங்கள். 450 டிகிரியில் 4 மணி நேரம் சுட்ட கண்ணாடி ஜாடி, மூடிக்கு அடியில் அலுமினியத் தாள். முக்கால் ஜாடிதான் நிரப்ப வேண்டும். மைனஸ் 20-இல் ஈரச்சேறு உறைந்து விரியும்போது கண்ணாடி வெடித்துப்போகும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் எடுத்ததையும் பின் எடுத்ததையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். வெள்ளம் பழைய சேற்றை அடித்துப்போய்ப் புதிதாகக் கொண்டுவந்து போடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயே பரவியது.

ஆய்வகத்திலிருந்து:
அண்ணன் சொன்ன சேறு இங்கே வந்ததும் முதல் தொல்லை கந்தகம். எண்ணூரின் கறுப்புச் சேற்றில் அது நிறைய உண்டு. சேற்றிலிருந்து கரைப்பானால் பிரித்தெடுத்த சாற்றை அப்படியே ஜிசி-இசிடியில் (இந்த நச்சுகளைப் பிரித்து அளக்கும் கருவி) செலுத்தினால், கந்தகம் வரைபடத்தில் பெரிய மேடாக எழும்பி மற்றதை மூடிவிடும். செப்புத்தூளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, தண்ணீர், அசிட்டோன், ஹெக்சேன் என்று வரிசையாக அலசி, அந்தச் சாற்றில் போட்டுக் குலுக்குங்கள். தூள் கறுத்தால் இன்னும் கொஞ்சம் போடுங்கள். மின்னும் செப்பு நிறம் மாறாமல் நிற்கும்வரை விடாதீர்கள்.

இன்னொன்று, பலர் ஏமாறும் இடம். டிடிடியைவிட அதன் சிதைபொருள்கள் மிகுந்திருந்தால் பழைய கழிவு என்றும், டிடிடியே மிகுந்திருந்தால் புதுவரவு என்றும் படிக்கிறோம். விவசாயத்துக்கு 1989-லேயே தடை வந்தாலும் மலேரியா ஒழிப்புக்கு அது தொடர்ந்ததால் இந்தக் கேள்வி முக்கியம். ஆனால் ஜிசியின் லைனர் (மாதிரி சூடாகி ஆவியாகும் கண்ணாடிக் குழாய்) அழுக்காக இருந்தால் டிடிடி உள்ளேயே சிதைந்து, புதியதும் பழையதாகத் தெரியும். தினமும் வெறும் டிடிடி தரக்கரைசலை முதலில் ஓட்டுங்கள். சிதைவு 15 சதவீதத்தைத் தாண்டினால் லைனரை மாற்றாமல் மாதிரியைத் தொடாதீர்கள். அந்தச் சேற்றில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு நாம் தரப்போகும் எண் இது.

மீனில் கொழுப்பை அழிக்க அடர் கந்தக அமிலம் நல்லது. டிடிடியும் பிசிபியும் தாங்கும். டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லி அழிந்துபோகும், அதற்குத் தனிப் பங்கு ஒதுக்குங்கள்.

மீன் மாதிரி எடுப்பவர்:
அக்கா, மடவை மீனைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். சேற்றை மேயும் மீன், அதனால் நல்ல சாட்சி. வயிற்றைக் கீறினால் உள்ளே கறுப்புச் சவ்வு இருக்கும். அதையும் குடலையும் நீக்கிவிட்டுச் சதையை எடுங்கள். குடலில் சேறு தங்கியிருந்தால் அளப்பது மீனையல்ல, சேற்றை. ஒரே நீளமுள்ளவற்றைச் சேர்த்து, கொழுப்புச் சதவீதத்தையும் எழுதுங்கள்.

பிஎஃப்ஏஎஸ் (நீரும் எண்ணெயும் ஒட்டாத பூச்சுகளில் பயன்படும், எளிதில் சிதையாத ஃபுளோரின் வேதிப்பொருள்கள்) தேடினால் எல்லாம் தலைகீழ். அது கொழுப்பில் அல்ல, கல்லீரலிலும் இரத்தத்திலும் சேரும், தண்ணீரிலும் கிடைக்கும். கண்ணாடி வேண்டாம், சுவரில் ஒட்டிக்கொள்ளும், பாலிபுரொப்பிலீன் பாட்டில். டெஃப்லானும் ஃபுளோரின் பொருள்தான், அதனால் டெஃப்லான் மூடி கூடாது. படகில் மழைக்கோட்டும் போடாதீர்கள், நீர் ஒட்டாத அந்தப் பூச்சிலேயே அது இருக்கலாம். சுத்த நீர் நிரப்பிய ஒரு பாட்டிலை மாதிரி எடுக்கும் இடத்திலேயே திறந்து மூடிக் கொண்டுவாருங்கள். அதிலும் பிஎஃப்ஏஎஸ் தெரிந்தால் அன்றைய மாதிரிகள் செல்லாது, மறுநாள் திரும்பப் போக வேண்டும்.