மறு: 'மூக்' (MOOC, யாரும் இணையத்தில் சேர்ந்து படிக்கும் பெரிய பாடம்) என்பதற்குத் தமிழ்ச்சொல் (அனந்த் அகர்வால் கட்டுரைக்காக)

> 'பாரிய திறந்த நிகழ்நிலைப் பாடநெறி' என்றே போட்டுவிடலாமா? கட்டுரையில் பத்து இடத்தில் வருகிறது.

பத்து இடத்தில் வரும் சொல் இவ்வளவு நீளம் என்றால் படிப்பவருக்கு மூச்சு வாங்கும். 'மூக்' என்றே விட்டாலோ மூக்கறுந்து நிற்கிறது.

நீளத்தை விட 'பாரிய' தான் எனக்கு இடிக்கிறது. அது பருமனைச் சொல்வது. இங்கே பெருத்தது பாடம் இல்லை, படிக்க வந்த கூட்டம். அகர்வால் 2012 மார்ச்சில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து இணையத்தில் தொடங்கிய மின்சுற்றுப் பாடம் (6.002எக்ஸ்) 14 வாரம் நடந்தது. பதிந்தவர்கள் 1,54,763 பேர். எனவே 'திரள்' என்ற சொல்லே பொருந்தும்: திரள்பாடம்.

அத்தனை பேர் விடையையும் ஆள் வைத்துத் திருத்த முடியாது, திருத்துவது கணினி நிரல். கட்டுரையில் இதை 'தானே திருத்தும்' என்று ஒரு வரியில் கடந்திருக்கிறோம், விளக்க வேண்டும். பக்க இணைப்பில் இரு மின்தடைகளின் (ஆர்1, ஆர்2) மொத்தத்தை ஒருவர் ஆர்1*ஆர்2/(ஆர்1+ஆர்2) என்று எழுதலாம், இன்னொருவர் 1/(1/ஆர்1+1/ஆர்2) என்று எழுதலாம். எட்எக்ஸ் என்னும் இணையப் பாடத் தளத்தின் நிரல் எழுத்தை ஒப்பிடுவதில்லை. ஆசிரியர் கொடுத்த எல்லைக்குள் ஆர்1, ஆர்2 இரண்டுக்கும் ஏதோ எண்களை எடுத்து, மாணவர் விடையிலும் ஆசிரியர் விடையிலும் போட்டுப் பார்க்கிறது. சில முறை இப்படிச் செய்து, வித்தியாசம் பிழைவரம்புக்குள் இருந்தால் சரி. நடுவில் பெருக்கல் குறியை விட்டு 'ஆர்1ஆர்2' என்று எழுதினால் அது யாரும் அறியாத புது மாறி ஆகிவிடும். ஆசிரியரும் சறுக்கலாம். எல்லைக்குள் சுழியம் வந்தால் வகுத்தல் முறியும். பிழைவரம்பைச் சுழியமாக வைத்தால் கடைசித் தசம இலக்கம் ஒட்டாமல் சரியான விடைக்கும் சிவப்புக் குறி விழும்.

'திறந்த' என்பதைச் சொல்லிலிருந்து எடுத்துவிடலாம். 'திறந்தநிலைப் பல்கலைக்கழகம்' ஏற்கெனவே வேறொன்றுக்குப் பெயர்.

— — —

மறு: மறு: 'மூக்'

> திரள்பாடம்

இரண்டு தடை, ஐயா.

ஒன்று, புணர்ச்சி. திரளுக்கான பாடம் என்று விரித்தால் முட்செடி போலத் 'திரட்பாடம்' ஆக வேண்டும். அதைப் பார்ப்பவர் 'திரட்டிய பாடம்' என்று படிப்பார். (பலரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டும் 'திரள்நிதி'க்கு யாரும் புணர்ச்சி பார்க்கவில்லை என்பது உண்மைதான்.)

இரண்டு, அதே திரள்நிதி. அங்கே திரள் கொடுக்கிறது. இங்கே திரள் வாங்குகிறது. ஆனால் 2008இல் ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் என்னும் இரு கல்வியாளர்கள் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் நடத்திய பாடத்தைப் பார்த்துத்தான் டேவ் கோர்மியே என்ற கல்வியாளர் 'மூக்' என்ற பெயரையே வைத்தார். கட்டணம் கட்டியவர்கள் 25 பேர், இலவசமாகச் சேர்ந்தவர்கள் சுமார் 2,200 பேர். அவர்கள் வலைப்பதிவில் எழுதியதும் பாடத்தின் பகுதி. அங்கே திரள் கொடுக்கவும் செய்தது! அகர்வாலின் பாடம் அந்த வகை இல்லை. ஒரே சொல் இரண்டையும் தாங்கும் என்றால் எனக்கு மறுப்பில்லை, கட்டுரையில் வேறுபாட்டைச் சொல்லிவிடுங்கள்.

'பாடம்' வேண்டாம், 'பாடநெறி' போடலாம். ஒரு மணி நேரப் பாடமும் பாடம்தான். 14 வாரத் தொடருக்கு ஈழத்து வழக்கான பாடநெறி துல்லியம்.

'1,54,763 பேர் படித்தார்கள்' என்று வரைவில் இருப்பதையும் மாற்ற வேண்டும். முதல் கணக்குத் தொகுப்பைத் திறந்தவர்கள் 69,221 பேர், அதில் ஒரு மதிப்பெண்ணாவது எடுத்தவர்கள் 26,349 பேர், சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157 பேர். 100க்கு 5கூட இல்லை. 'பதிந்தார்கள்' என்பதே சரி.

வரைவு: "சென்னை ஐஐடியில் 1982இல் பட்டம் பெற்ற அகர்வால், ஒரே சில்லில் 64 கருக்கள் (கோர்) கொண்ட செயலியை வெளியிட்ட டைலரா நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர், 2012இல் எம்ஐடியும் ஆர்வர்டும் சேர்ந்து தொடங்கிய எட்எக்ஸ் என்னும் திரள் பாடநெறித் தளத்தின் முதல் தலைவர்." இடைவெளி விட்டு எழுதியிருக்கிறேன், புணர்ச்சிச் சண்டை வராமல் இருக்க.