கணவருக்கு வேலையில்லை, நான் பகுதிநேரம்: மோட்கேஜ் (வீட்டுக் கடன்) வட்டிக்கு அரச உதவி கிடைக்குமா?

வடலி:
வணக்கம். நாங்கள் லண்டனில் இருக்கிறோம். முதுகில் ஆபரேஷன் செய்த பிறகு இவரால் வெயர்ஹவுஸ் வேலைக்குப் போக முடியவில்லை. நான் ஒரு கெயார் ஹோமில் பகுதிநேரம் செய்கிறேன். நான்கு கிழமைக்கு ஒருமுறை சம்பளம். யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை) போன மாதம்தான் தொடங்கியது. மோட்கேஜ் இன்னும் 260,000 பவுண் இருக்கிறது. வட்டி மாறாத ஃபிக்ஸ் காலம் முடிந்து வட்டி ஏறியதிலிருந்து மாதக் கடைசி வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. வட்டிக்கு அரசு உதவும் என்று கேள்விப்பட்டேன். ஆனால் தெரிந்த அண்ணா ஒருவர், "ஒரு மணித்தியாலம் வேலை செய்தாலும் தரமாட்டார்கள், அதோடு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்" என்கிறார். நான் வேலையை விட்டால்தான் கிடைக்குமா?

சாந்தி அக்கா:
தங்கச்சி, தயவுசெய்து வேலையை விட்டுவிடாதீர்கள். அவர் சொன்னது பழைய விதி. 2023 ஏப்ரல் 3 முதல் வேலை செய்துகொண்டே எடுக்கலாம். காத்திருப்பும் மூன்று மாதமாகக் குறைந்துவிட்டது. இந்தப் பழைய கதையை நம்பி எத்தனை பேர் கேட்காமலே இருக்கிறார்களோ என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

ஆனால் உங்கள் சம்பளத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த மூன்று மாதமும் இடைவெளி இல்லாமல் யூனிவர்சல் கிரெடிட் வந்திருக்க வேண்டும். நான்கு கிழமைச் சம்பளம் என்றால் வருடத்துக்கு 13 தடவை வரும். கணக்குப் பார்க்கும் மாதமோ 12தான். ஏதோ ஒரு மாதத்தில் இரண்டு சம்பளம் விழும். அந்த மாதம் வருமானம் கூடி உங்கள் கிரெடிட் பூச்சியமானால் எண்ணிக்கை அறுந்துவிடும், திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டும். பே ஸ்லிப் தேதிகளையும் உங்கள் கிரெடிட் மாதம் தொடங்கும் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிந்தால் மாதச் சம்பளமாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

தொகையிலும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 200,000 பவுண் வரைக்கும்தான் கணக்கு. அதுவும் உங்கள் பேங்க் எடுக்கும் வட்டியில் அல்ல, அரசு வைத்திருக்கும் ஒரு பொது வீதத்தில். காசு நேரே பேங்குக்குப் போகும். முதலுக்கோ ஏற்கனவே நிலுவையில் நிற்பதற்கோ தரமாட்டார்கள்.

குமரன்77:
ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது 2018 ஏப்ரல் 6 முதல் கடன், இலவசம் இல்லை. வீட்டின் மேல் சார்ஜ் (கடனுக்கு வீடு ஈடு என்ற பதிவு) பதிவார்கள், கொடுத்த காசுக்கு வட்டியும் ஏறிக்கொண்டே போகும். வீட்டை விற்கும்போது அல்லது வேறு பெயருக்கு மாற்றும்போது திருப்பிக் கட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு மிஞ்சுவது குறையும். எனக்கு இது பிடிக்கவில்லை.

சாந்தி அக்கா:
தம்பி சொல்வது சரி. ஆனாலும் வீடு கையை விட்டுப் போவதோடு ஒப்பிட்டால் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். விற்கும்போது கையில் மிஞ்சும் காசு இந்தக் கடனுக்குப் போதாவிட்டால், மீதியைத் தள்ளுபடி செய்கிறார்கள். பேங்க் கடனில் அப்படி நடக்காது.

காத்திருக்கும் மூன்று மாதத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் பேங்க் 2023 ஜூனில் வந்த மோட்கேஜ் சார்ட்டரில் (கட்டக் கஷ்டப்படுபவர்களுக்கு உதவ பேங்குகள் அரசோடு செய்த உடன்பாடு) சேர்ந்திருந்தால், ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டக் கேட்கலாம். ஆனால் தவணை எதுவும் தவறியிருக்கக் கூடாது, ஆகவே இந்தக் கிழமையே பேங்கோடு கதையுங்கள்.

மாலதி:
வயதானவர்களுக்காக ஒன்று: பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான அரச உதவித்தொகை) எடுப்பவர்களுக்குக் காத்திருப்பே இல்லை. ஆனால் உச்ச வரம்பு பொதுவாக 100,000 பவுண். எங்கள் மாமிக்கு இப்படித்தான் வருகிறது.

வடலி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. தேதிகளைப் பார்த்துவிட்டேன், அடுத்த மாதம்தான் இரண்டு சம்பளம் விழுகிறது. மேனேஜரிடம் நாளைக்கே கேட்கிறேன். வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமா?

சாந்தி அக்கா:
ஆம், இருவரும்தான். கையெழுத்துப் போடுமுன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் காட்டுங்கள், அவர்கள் காசு கேட்பதில்லை.