புதுப்பிப்பு: நண்பரின் மாடல் ரயில் லேஅவுட்டில் டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின் ஒருவழியாக ஓடிவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேனே, பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி 1:87 அளவில் டபிள்யூடிஎம்-2 செய்கிறேன், அகலப்பாதையை எப்படிக் காட்டுவது என்று. கணக்குப்படி 1,676 மி.மீ. பாதை (இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான தூரம்) 19.3 மி.மீ. ஆக வேண்டும். நண்பரிடம் இருப்பதோ கடையில் வாங்கிய 16.5 மி.மீ. தண்டவாளம். அதைப் பெயர்க்கச் சொன்னால் காபிகூடக் கிடைக்காது. அதனால் பாடி மட்டும் சரியான அளவு, சுமார் 197 மி.மீ. நீளம். சக்கரங்கள் சற்று உள்ளொடுங்கித் தெரியும், குனிந்து பார்த்தால்.

ஞாயிறன்று பெங்களூரு மல்லேஸ்வரத்தில் அவர் வீட்டில் ஓட்டினோம். நேர்ப்பாதையில் ராஜா. முதல் வளைவிலேயே தடம் புரண்டது. மோட்டாரைத்தான் சந்தேகப்பட்டேன். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில் பேரம் பேசி வாங்கியது அல்லவா! கடைசியில் பார்த்தால், போகி (அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) திரும்பும்போது டீசல் டேங்கில் இடிக்கிறது. ஒரு போகிக்கு மூன்று அச்சு, அதுவும் சம இடைவெளியில் இல்லை. அதை அப்படியே செய்ததில் திரும்ப இடமில்லாமல் போயிருக்கிறது. டேங்கின் இரு முனைகளிலும் 2 மி.மீ. அரம் போட்டதும் சரியாயிற்று. சக்கரம் வழுக்கியதற்கு, டயர் கடையில் கேட்டு வாங்கிய பேலன்சிங் ஈயத்தை எடை கூட்ட உள்ளே ஒட்டினேன்.

பாக்கி பெயின்ட்தான். அப்புறம் இன்ஜின்மேல் எழுத வேண்டிய ஷெட் (பராமரிப்பு நிலையம்) பெயர். அவர் கிருஷ்ணராஜபுரம் என்கிறார். நான் திருச்சிக்காரன், பொன்மலையை விடுவதாக இல்லை.