ரோட் ஐலண்ட் மாநிலத்தைப் பற்றி எட்டாம் வகுப்பு மாணவி எதை எழுதலாம்?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:
வணக்கம். தமிழ்வழி எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். ஆளுக்கு ஓர் அமெரிக்க மாநிலம் என்று பிரித்துக் கொடுத்ததில் ஒரு மாணவிக்கு ரோட் ஐலண்ட் வந்தது. மிகச் சிறிய மாநிலம், தலைநகரம் பிராவிடன்ஸ் என்பதற்கு மேல் எழுத எதுவும் கிடைக்கவில்லை என்கிறாள். எதை முதன்மைப்படுத்தச் சொல்லலாம்?

பாலக்காட்டுச் சித்தூர் வாசகர்:
டீச்சர் அவர்களுக்கு வணக்கம். பரப்பளவை ஒரே வரியில் முடித்துவிடலாம். நீர்ப்பரப்பைச் சேர்த்தாலும் ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர்தான், நம் பாலக்காடு மாவட்டமே அதைவிடப் பெரியது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 10.97 லட்சம். எழுத வேண்டியது அதன் தொடக்கத்தைத்தான். சமயக் கருத்துகளுக்காக மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ், நாரகன்செட் பழங்குடித் தலைவர்களிடம் நிலம் பெற்று 1636இல் பிராவிடன்ஸை நிறுவினார். ஒருவருடைய வழிபாட்டில் அரசு தலையிடக் கூடாது என்ற அவரது கொள்கைக்கு 1663ஆம் ஆண்டின் அரச சாசனம் இடமளித்தது. அந்தக் கொள்கையால்தான் பிற இடங்களில் ஒதுக்கப்பட்ட குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரும் யூதர்களும் அங்கே குடியேறினார்கள். நியூபோர்ட்டில் 1763இல் திறக்கப்பட்ட டூரோ யூத வழிபாட்டுக்கூடம் இன்றும் இருக்கிறது.

வேலந்தாவளம் மில்காரர்:
கோவை மில்களுக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில், பாடக்கட் நகரத்துப் பஞ்சாலையை விட்டுவிடக் கூடாது. இங்கிலாந்திலிருந்து இயந்திர நுட்பங்களை மனத்தில் பதித்துக்கொண்டு வந்த சாமுவேல் ஸ்லேட்டர், 1790இல் பிளாக்ஸ்டோன் ஆற்றின் நீர்விசையால் அங்கே நூல் நூற்கத் தொடங்கினார். 1793இல் எழுந்த ஆலைக் கட்டடம் இப்போதும் நிற்கிறது. அங்கு முதலில் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள் 7 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர். உங்கள் மாணவியைவிட இளையவர்கள் என்பதை அவளே கணக்கிட்டு எழுதட்டும்.

கொல்லங்கோடு வாசகி:
மேலே சித்தூர் நண்பர் சொன்ன சமய விடுதலை உண்மைதான். ஆனால் அதை மட்டும் எழுதினால் படம் பாதியாகிவிடும். 18ஆம் நூற்றாண்டில் நியூபோர்ட், பிரிஸ்டல் துறைமுக வணிகர்கள், கரும்புப் பாகிலிருந்து வடித்த ரம் மதுவை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி, அதற்கு ஈடாக மனிதர்களை வாங்கினார்கள். வட அமெரிக்காவில் அடிமைக் கப்பல்களை மிகுதியாக அனுப்பியது இந்தச் சின்னஞ்சிறு பகுதிதான். நாரகன்செட் விரிகுடா நிலத்தின் நடுவே ஆழமாக உட்புகுந்து நல்ல துறைமுகங்களைத் தந்ததும் இவ்வணிகத்துக்கு உதவியது. மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பெயரில் நீடித்த ‘பிராவிடன்ஸ் பிளாண்டேஷன்ஸ்’ (பிளாண்டேஷன் என்றால் பெருந்தோட்டம் என்றும் பொருள்) என்ற பகுதி, அடிமை முறையை நினைவூட்டுகிறது என்பதால், 2020இல் மக்கள் வாக்களித்து நீக்கப்பட்டது. டீச்சர், விரிகுடாவை வரைபடத்தில் குறித்து, அதன் கரையிலேயே இந்த ஊர்களை அடையாளமிடச் சொல்லுங்கள்; ஒரு பக்கம் தானாகவே நிறைந்துவிடும்.