பழைய ஸ்கார்பியோவுக்கு டயர் வாங்கிய அனுபவம்: பேச்சிப்பாறை மேடும் மணவாளக்குறிச்சி மணலும்

தக்கலையிலிருந்து:

பிள்ளைகளோடு மலைப்பக்கம் போய்க் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்பதற்காகவே 2023இல் ஒரு பழைய ஸ்கார்பியோ வாங்கினேன். 2015ஆம் ஆண்டு வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. தெரிந்த மெக்கானிக் ஒருவர் எஞ்சின் ஓசையைக் கேட்டுப் பார்த்துச் சரி என்றார். அடிச்சட்டத்தில் துரு இருக்கிறதா என்று நானே தரையில் படுத்துப் பார்த்தேன். டயரை மட்டும் நின்றபடியே பார்த்தேன். கறுப்பாகப் பளபளத்தது, பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகள்) ஆழமாக இருந்தது. நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, டயர் செலவு இப்போதைக்கு இல்லை என்று விற்பவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன்.

என் மைத்துனருக்குப் பேச்சிப்பாறைக்கு மேலே கொஞ்சம் ரப்பர் விளை, அதாவது தோட்டம், இருக்கிறது. தார்ச்சாலை முடிந்து ஒன்றரைக் கிலோமீட்டர் செம்மண் தடம். நடுவில் ஒரு சிறு தோடு (ஓடை), அதைத் தாண்டியதும் செங்குத்தாக ஓர் ஏற்றம். ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம். ஏறும்போது சக்கரம் சுழன்றது, பின்வாங்கி மறுபடி முயன்று ஏறிவிட்டோம். மேலே கூடாரம், மரச்சீனிக்கிழங்கும் மீன் குழம்பும், கட்டன்சாயா, காலில் ஏறிய அட்டைகளை உப்பு வைத்து உதிர்த்தது எல்லாம் பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம்.

விபரீதம் அங்கே நடக்கவில்லை. மறுநாள் மலையிறங்கி நல்ல தார்ச்சாலைக்கு வந்த பிறகுதான் நடந்தது. வெயிலே படாத ரப்பர் நிழலில் ஒரு வளைவு, சாலை ஓரமெல்லாம் பாசி. எதிரே ஒரு லாரி வந்தது. நாற்பதுக்கும் குறைவான வேகம்தான். பிரேக்கில் கால் வைத்ததும் வண்டியின் பின்பக்கம் எண்ணெயில் வழுக்கியதுபோல வெளியே போனது. மண் திட்டில் முட்டி நின்றோம். யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் பின் இருக்கையில் என் அம்மாவின் கை சின்ன மகளை இறுக்கிப் பிடித்திருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்த நாளே மார்த்தாண்டத்தில் ஒரு டயர் கடைக்குப் போனேன். கடைப் பெரியவர் ஈரத்துணியால் டயரின் பக்கவாட்டை அழுத்தித் துடைத்தார். பூசியிருந்த மெருகு துணியோடு வந்துவிட்டது. அடியில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள்: 4814. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2014இன் 48ஆவது வாரம் செய்த டயர், அதாவது வண்டியோடு வந்த முதல் டயர். ஒன்பது வயது. பெரியவர் பட்டனில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தச் சொன்னார். தடமே பதியவில்லை. பட்டன் இடுக்கை விரலால் விரித்துக் காட்டினார். பழைய ரப்பர் செருப்பை மடித்தால் ஓரத்தில் தெரியுமே, அந்த மாதிரி மயிரிழை வெடிப்புகள் அடி முழுவதும் ஓடியிருந்தன. பட்டன் தேய்மானக் குறியான 1.6 மில்லிமீட்டருக்கு வெகு மேலே இருந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் புதிய டயர், பிடிப்பைப் பார்த்தால் மொட்டை டயர்.

இதை என் மாமனாரிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ரப்பர் ஷீட்டை நேர் வெயிலில் போட்டால் பிசுபிசுத்துப் போகும், அதனால்தான் புகைப்புரையில் உலர்த்துகிறோம் என்றார். கச்சா ரப்பர் அப்படி இளகும். கந்தகம் சேர்த்து வேகவைத்த டயர் ரப்பரோ காற்றிலும் வெயிலிலும் வருடக்கணக்கில் கிடந்தால் எதிர்த்திசையில் போகிறது, இறுகி வெடிக்கிறது. ஓடாமல் நின்ற வண்டிக்கும் இது பொருந்தும். ரப்பர் விளைந்த மண்ணில் பிறந்து வளர்ந்தும் எனக்கு இது அதுவரை தெரியவில்லை.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு டயர் இன்னொன்றையும் சொல்லும். நடுப்பட்டன் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறார்கள், இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் தவறியிருக்கலாம், அல்லது அடிபட்ட வண்டியாகவும் இருக்கலாம். கையால் தடவினால் மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். விற்பவர் சொல்லாததை நான்கு டயரும் சொல்லிவிடும்.

பிறகு எந்த டயர் என்ற கேள்வி. என் மனமெல்லாம் பெரிய கட்டைப் பட்டன் போட்ட சேற்று டயர் மேல்தான் இருந்தது, எம்.டி. என்பார்களே, அது. பெரியவர் எதுவும் மறுக்கவில்லை. வீட்டிலிருந்து விளைக்கு எத்தனை கிலோமீட்டர், அதில் மண் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். பக்கத்தில் நின்ற என் மனைவி பதில் சொன்னாள்: "நாற்பது கிலோமீட்டரில் ஒன்றரைதான் மண். மீதித் தாரில்தான் நாம் சறுக்கினோம்." அதோடு முடிவாகிவிட்டது. சேற்று டயரில் பட்டன்களுக்கு இடையே இடைவெளி பெரிது. சேறு அதில் நிறைந்து, சுழலும்போது தானே உதிரும். ஆனால் தாரைத் தொடும் ரப்பர் குறைவு, தண்ணீரைக் கீறி வெளியேற்றும் மெல்லிய வெட்டுகளும் குறைவு. ஈரத் தாரில் நிற்கும் தூரம் கூடும், இரைச்சலும் டீசல் செலவும் கூடும். முழுக்க நெடுஞ்சாலைக்கான எச்.டி. டயரோ எங்கள் செம்மண் ஏற்றத்தில் நிமிடத்தில் வழுவழுவென்று பூசிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஏ.டி. வகையில், அதிலும் பட்டன்கள் நெருக்கமான ஒன்றை எடுத்தோம். எம்.ஆர்.எஃப்., அப்போலோ, ஜே.கே., சியட், யோகோஹாமா எல்லாருமே ஏ.டி. வகை விற்கிறார்கள். கம்பெனிப் பெயரை விட உங்கள் அளவில் கடையில் உள்ள டயரின் அந்த நான்கு எண்ணைப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான் என் எண்ணம்.

அளவை மாற்றவில்லை: 235/65 ஆர்17. அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், டயர் மாட்டும் டிஸ்க்கின் விட்டம் 17 அங்குலம். பெரிய டயர் போட்டால் கம்பீரமாக இருக்கும், ஆனால் திருப்பும்போது உள்ளே உரசக்கூடும், ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தை விடக் குறைத்துக் காட்டும். பாரக் குறியீடு 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். ஆறு பேர், தண்ணீர் கேன், கூடாரம் என்று ஏற்றும்போது அந்த எண்ணில் சமரசம் கூடாது.

ஐந்தாவதாக ஸ்டெப்னியும் அதே டயர். பழைய ஸ்டெப்னி வேறு அளவாக இருந்ததை அன்றுதான் கவனித்தேன். நான்கு சக்கர இழுவையில் ஒன்று மட்டும் சுற்றளவு மாறினால் கியர்களும் அச்சுகளும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். அதே காரணத்துக்காக உலர்ந்த தாரில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டவும் கூடாது.

இப்போது காற்றழுத்தம் தாரில் 33 பி.எஸ்.ஐ., மண் தடம் தொடங்கும் இடத்தில் 22 வரை இறக்குகிறேன். அதே ஏற்றத்தில் முதல் முயற்சியிலேயே ஏறிவிட்டது.

குலசேகரத்திலிருந்து:

தம்பி, டயர் தேர்வு சரி. 22 என்பதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். நான் இருபது வருடத்துக்கு மேல் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறேன். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (மரத்தில் ஒட்டி உறைந்த பால்) ஏற்றி, ஆளும் ஏற்றித் தினமும் மேலே போய் வருகிறேன். என் வண்டியில் சேற்று டயர்தான். எனக்கு அது வேண்டும், ஏனென்றால் என் நாளில் முக்கால்வாசி சேறு. தார்ச்சாலையில் மழை என்றால் முப்பதைத் தாண்ட மாட்டேன். வாரக்கடைசியில் குடும்பத்தோடு வருகிறவர் இதைப் பார்த்து ஆசைப்பட வேண்டியதில்லை.

காற்றைப் பற்றிச் சொல்கிறேன். வெறும் சேறு, வெறும் மணல் என்றால் இறக்குங்கள். நம் மலைத்தடத்தில் சேற்றுக்கடியில் கல் இருக்கிறது, வெட்டிய மரத்தின் குற்றி இருக்கிறது. காற்று இறங்கினால் டயரின் பக்கம் வெளியே பிதுங்கும். பட்டனில் ஆணி ஏறினால் ஐந்து நிமிடத்தில் திரி வைத்து அடைக்கலாம். பக்கச்சுவர் கிழிந்தால் எந்தப் பஞ்சர் கடையாலும் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று வருடம் முன்பு கைவிரல் நீளத்துக்குப் பாறை விளிம்பு கிழித்தது. உள்ளே இருந்த நூல் வெள்ளையாகப் பிரிந்து தெரிந்தது, பாய் ஓரம் பிரிந்த மாதிரி. கீழே இறங்க ஸ்டெப்னி இருந்ததால் பிழைத்தேன். கல் கலந்த தடத்தில் 26க்குக் கீழே நான் போவதில்லை. அதைவிட முக்கியம், இறங்கி நடந்து தடத்தைப் பாருங்கள். சக்கரம் எங்கே விழ வேண்டும் என்று ஓர் ஆள் முன்னால் நின்று காட்டினால் பாதி டயர் மிச்சம்.

நாகர்கோவிலிலிருந்து:

எங்கள் அனுபவம் கடற்கரைப் பக்கம். மணவாளக்குறிச்சி அருகே அத்தையின் தென்னந்தோப்பு. வருடத்தில் இரண்டு முறை எல்லாரும் கூடி இரவு தங்குவோம். அந்தப் பக்கத்து மணலில் இல்மனைட் என்ற கறுப்புத் தாது கலந்திருப்பதால் கறுப்பாக, மாவு போல நைசாக இருக்கும். எங்களிடம் இருப்பது பழைய டஸ்டர், முன் சக்கர இழுவை மட்டும், சாதாரண நெடுஞ்சாலை டயர். தோப்பு வாசலைத் தாண்டியதும் முன்சக்கரம் பாதி புதைந்தது. கணவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போனது. கயிறு கட்டி இழுக்க ஆள் அழைக்கலாம் என்று நின்றபோது, பயிற்சி முகாமொன்றில் ஜீப் ஓட்டிப் பழகிய என் தம்பி வால்வை அமுக்கிக் காற்றை இறக்கினான். நான்கையும் 18க்குக் கொண்டுவந்தான். சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வழித்துவிட்டு, முதல் கியரில் மெதுவாக எடுக்கச் சொன்னான். வண்டி தானாக எழுந்து வந்தது. பிறகு தடத்தைப் பார்த்தோம். புதைந்த இடத்தில் இருந்த தடத்தை விட, காற்றை இறக்கிய பிறகு மணலில் படிந்த தடம் நீளமாக இருந்தது. அகலம் அதிகம் மாறவில்லை, நீளம்தான் கூடியது. பாரம் அந்த நீளத்தில் பரவிவிடுகிறது.

ஆகவே டயர் மாற்றும் முன் காற்றளவு பார்க்கும் கருவியும், லைட்டர் துளையில் செருகிக் காற்றடிக்கும் சிறு மோட்டாரும் வாங்குங்கள் என்பேன். காற்று இறங்கிய டயரோடு வெடுக்கென்று திருப்பாதீர்கள், டயர் டிஸ்க்கை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலைக்கு ஏறும் முன் கட்டாயம் காற்றை நிரப்புங்கள். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் டயர் உள்ளுக்குள் சூடேறி வெடிக்கும். நாங்கள் தோப்பு வாசலிலேயே நின்று நிரப்பிவிட்டுத்தான் கிளம்புவோம். அந்த நேரத்தில் பிள்ளைகள் இளநீர் குடித்து முடித்துவிடுவார்கள்.

பூதப்பாண்டியிலிருந்து:

சொந்த விளை, சொந்தத் தோப்பு இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காளிகேசம், கீரிப்பாறைப் பக்கம் அழகைப் பார்த்து எங்காவது வண்டியை ஒதுக்கித் தங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டக் காட்டின் பெரும்பகுதி 2008 முதல் வனவிலங்குச் சரணாலயம். அனுமதி இல்லாமல் உள்ளே தங்குவது குற்றம். யானை நடமாடும் இடம் என்பதையும் மறக்க வேண்டாம். முதலில் வனத்துறையிடம் கேளுங்கள், டயரைப் பிறகு பார்க்கலாம்.

தக்கலையிலிருந்து மறுபடியும்:

குலசேகரம் அண்ணனுக்கு நன்றி. நீங்கள் சொன்ன பிறகு ஞாயிறன்று டயர்களைக் கழுவிப் பார்த்தேன். பின் இடது டயரின் பக்கச்சுவரில் ஒரு விரற்கடை அளவுக்குச் சிராய்ப்பு. நூல் தெரியவில்லை, மேல் ரப்பர் மட்டும் உரிந்திருக்கிறது. தோட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு கல் சாய்ந்து கிடக்கும், அதுவாகத்தான் இருக்க வேண்டும். இனி 26தான். அந்த இடத்தில் மனைவி இறங்கி முன்னால் நின்று வழி காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நாகர்கோவில் சகோதரி சொன்ன மோட்டார் எங்களிடமும் உண்டு. காற்றளவைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஓடிச் சூடான டயரில் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் ஆறியதும் குறைந்துவிடும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. டயர் கடையில் நான்கு எண்ணைப் பார்க்கக் கற்ற என் மூத்த மகள், போன வாரம் விளைக்குப் போனபோது அவள் மாமாவின் ஜீப்புக்கு அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேங்காய் நாரால் மண்ணைத் துடைத்துவிட்டு வாசித்தாள். முன் இரண்டும் 1113. மைத்துனர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்தச் சனிக்கிழமை அவரும் நானும் மார்த்தாண்டம் போகிறோம்.