ஒரே சர்வரில் எச்.டி.எஃப்.எஸ். நிறுவியவர்களின் அனுபவங்கள்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

பழைய நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்து வைக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. இருந்த ஒரே சர்வரில், உபுண்டு என்ற இயங்குதளத்தின் மேல் ஹடூப்பை நிறுவியவன் நான்தான். கோப்புகளைப் பிளாக்குகளாகத் துண்டித்து, பல கணினிகளில் பிரதிகளோடு பரப்பி வைக்கும் மென்பொருள் அது, அதன் சேமிப்புப் பகுதிதான் எச்.டி.எஃப்.எஸ். பிரதி எண்ணிக்கை 3 என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, எந்தக் கோப்புக்கும் மூன்று பிரதி உண்டு என்று முதலாளியிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவில் மின்சாரம் போயிற்று, யு.பி.எஸ். தாங்கிய வரை தாங்கிவிட்டு ஓய்ந்தது. பிறகு சர்வரை எழுப்பினால், ஓடும் ஜாவா நிரல்களைக் காட்டும் ஜேபிஎஸ் பட்டியலில், பிளாக்குகளை வைத்திருக்கும் டேட்டாநோடு இருக்கிறது, எந்தப் பிளாக் எந்தக் கோப்பினுடையது என்ற குறிப்பை வைத்திருக்கும் நேம்நோடு இல்லை. நான்கு முறை அதே கட்டளையைத் தட்டிப் பார்த்துவிட்டு லாக்கைத் திறந்தேன். சேமிப்புக் கோப்புறையே இல்லை என்றது. ஹடூப் தன் இயல்பில் எல்லாவற்றையும் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்புறைக்குள் வைக்கும் என்பதும், உபுண்டு எழும்போதெல்லாம் அந்தக் கோப்புறையைத் துடைத்துவிடும் என்பதும் அப்போதுதான் ஒன்றோடொன்று பொருந்தின. பின்னால் நின்ற முதலாளி, "மூணு காப்பி இருக்குன்னு சொன்னியே தம்பி, ஒண்ணாவது எடேன்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை.

சிறு கோப்புகள்கூட ஆளுக்கு 128 எம்.பி. இடத்தை விழுங்கும் அமைப்பு இது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்:

கடைசி வரி தவறு. 128 எம்.பி. என்பது ஒரு பிளாக்கின் உச்ச அளவு, 2 எம்.பி. படம் வட்டில் 2 எம்.பி.யைத்தான் எடுக்கும். சிறு கோப்புகள் பெருகினால் சுமை ஏறுவது நேம்நோடின் ராமில், ஏனெனில் எல்லாப் பெயர்களையும் அது நினைவகத்திலேயே வைத்திருக்கிறது. தாங்கள் சொன்ன மூன்று பிரதிகளும் ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு பிளாக்கின் இரண்டு பிரதிகளை ஒரே டேட்டாநோடில் எச்.டி.எஃப்.எஸ். வைக்காது என்பதால், எண்ணிக்கையை எவ்வளவு வைத்தாலும் தங்களிடம் இருந்தது ஒன்றுதான், எஃப்.எஸ்.சி.கே. என்ற சோதனைக் கட்டளையை ஓட்டியிருந்தால் பிரதி குறைந்தவை என்று அத்தனையையும் காட்டியிருக்கும்.

என் கதை சிறியது. நேம்நோடு கோப்புறையை மீண்டும் ஃபார்மட் செய்யவா என்று கேட்டது, நான் ஒய் தட்டினேன். அதன்பின் கிளஸ்டர் அடையாளம் (ஃபார்மட் செய்யும்போது நேம்நோடு புதிதாக இடும் குறி) பொருந்தவில்லை என்று டேட்டாநோடு எழ மறுத்தது. பிளாக்குகள் எல்லாம் வட்டில் பத்திரமாகக் கிடந்தன. எது எந்தக் கோப்பினுடையது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

ஆகவே நிறுவும் முன்பே நேம்நோடு, டேட்டாநோடு இரண்டுக்கும் தனிக் கோப்புறைகளைக் குறித்துவிடுங்கள். பிரதி எண்ணிக்கையை 1 என்றே வையுங்கள், ஏமாற்றமாவது இராது. நேம்நோடின் குறிப்புகள் அடங்கிய எஃப்எஸ்இமேஜ் கோப்பை நாள்தோறும் வேறொரு வட்டுக்கு எடுத்து வையுங்கள். இயந்திரம் ஒன்றே ஒன்று, கற்பதும் நோக்கமில்லை என்றால், இரண்டு வட்டுகளை, ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும்படி, ரெய்டில் இணைத்து, வெளியே ஒரு பேக்கப் வைப்பதே போதும். இதைத் தாங்கள் முதலிலேயே யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

நெல்லிக்குப்பம்:

இதைப் போன்ற இன்னொரு சேமிப்பு மென்பொருளான செஃப்பிலும் இதே கூத்துதான். ஒரே சர்வரில் மூன்று வட்டுகளைக் கொடுத்தேன். அது பிரதிகளை வட்டுவாரியாகப் பிரிக்காமல் ஹோஸ்ட்வாரியாக, அதாவது கணினிவாரியாகப் பிரிக்கப் பார்த்ததால், எழுதும் கட்டளை மாலை வரை நகராமல் நின்றது. பிரதிகளை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் கிரஷ் விதியில் ஹோஸ்ட் என்பதை ஓஎஸ்டி (வட்டு) என்று மாற்றியபின் ஓடியது. பெட்டி போனால் மூன்றும் போகும் என்பது வேறு விஷயம்.

முத்தியால்பேட்டை:

128 எம்.பி. குறித்துத் திருத்தியமைக்கு நன்றி. அறிவுரை நான் கேட்கவில்லை, ஐயா. அதற்குள் மூலப் பத்திரங்களை மறுபடி வாங்க வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டேன். ஓர் அம்மாள், வெள்ளத்தில் நனைந்த பத்திரத்தை மொட்டைமாடியில் செங்கல் வைத்துக் காயப்போட்டிருந்தார். முத்திரையின் மை பரவியிருந்தது. நான் வாய் திறக்கும் முன்பே, "போனாப் போவுது, அதான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீங்களே தம்பி" என்றார்.